தோல்வி விற்ற வெர்லின் ஹோஃபர்

வெர்லின் ஹோஃபரைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். நான் சொல்வதை நம்பலாம். அவனோடு ஒரே விமானத்தில் போய், ஒரே ஹோட்டல் அறையில் அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தவன் நான். கெஸ்ட்லர் ஊர் வானொலியில், எங்கள் வெட்ஸ்டோன் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்வது என் பிழைப்பு. நாற்பது புள்ளி பின்தங்கிவிட்ட ஆட்டத்தில் மிச்ச நேரத்தை எதைப் பேசி ஓட்டுவது என்று தெற்கு டகோட்டாவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்க வேண்டும். எதிரணி வாத்தியக் கோஷ்டியின் தொப்பி, கூரையில் தொங்கும் விளக்கு, நடுவரின் முழங்கால் என்று நான் பேசாத பொருள் இல்லை.

வெர்லின் முதலில் பழைய அறுவடை இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். அவன் விற்கிற முறையே தனி. விவசாயி வாயைத் திறக்கும் முன் இவனே குறைகளைச் சொல்லிவிடுவான். பெல்ட் தேய்ந்துவிட்டது, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்துகிறது, இடது பக்கம் திரும்பினால் முனகும் என்று ஒவ்வொன்றாக அவன் எடுத்துவைக்க, இவ்வளவு யோக்கியனா என்று விவசாயி அசந்துபோய்ச் சட்டைப்பைக்குள் கையை விட்டுவிடுவார். இப்படி ஓட்டை உடைசலை விற்கத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் கல்லூரி அவனைத் தேடி வந்தது.

கல்லூரி விளையாட்டின் கீழ் டிவிஷனில் இருந்த காலத்தில் எங்கள் எதிரிகள் எல்லோரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பேருந்தில் போவோம். பாதி ஆட்டம் ஜெயிப்போம், பாதி தோற்போம். திரும்பும் வழியில் ஒரு பாரில் இறங்கி, பொரித்த ஆட்டுக்கறித் துண்டுகளை, அதாவது எங்கள் சிஸ்லிக்கை, குச்சியில் குத்தித் தின்றுவிட்டு வீடு வந்து சேர்வோம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்போதுதான் டாக்டர் விட்லோ கல்லூரித் தலைவராக வந்தார். மேல் டிவிஷனுக்குப் போனால் பெயர் டிவியில் வரும், பெயர் வந்தால் மாணவர்கள் வருவார்கள், மாணவர்கள் வந்தால் பணம் வரும் என்று திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அம்புக்குறி எல்லாம் மேல்நோக்கியே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன், பொய் சொல்வானேன்.

மேலே போக நுழைவுக் கட்டணம் கேட்டார்கள், கட்டினோம். விளையாட்டு உதவித்தொகையை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். புதிய லீகில் எங்களுக்கு வாய்த்த பக்கத்து வீட்டுக்காரன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான், அவனைப் பார்த்துவர விமானம் பிடித்தோம். முதல் சில வருஷங்கள் பரீட்சார்த்த காலம், எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் கோப்பைப் போட்டிக்கு வரக்கூடாது என்றார்கள், அதற்கும் சரி என்றோம். மாணவர்களின் கட்டணத்தை உயர்த்தியும் போதவில்லை. கடைசியில் மேல் டிவிஷனில் சின்னவர்கள் எல்லோரும் செய்கிற தொழிலில் நாங்களும் இறங்கினோம்.

அந்தத் தொழில் இதுதான். பெரிய பல்கலைக்கழகங்கள் பருவத்தின் தொடக்கத்தில் தங்கள் ரசிகர்களைக் குஷிப்படுத்த நாலைந்து சுலபமான வெற்றிகளைத் தேடும். எங்களைப் போன்ற ஒரு கல்லூரியை வரவழைத்து, நன்றாக மொத்தி, கையில் எண்பதாயிரமோ தொண்ணூறாயிரமோ டாலருக்கு ஒரு காசோலையைக் கொடுத்து அனுப்பும். ஆக, பெரியவர்களோடு ஆடும் தகுதிக்காகச் செலவு செய்தோம். அந்தச் செலவை ஈடுகட்டப் பெரியவர்களிடம் போய் அடி வாங்கினோம். அடி வாங்கப் போகும் விமானச் சீட்டுக்காக இன்னொரு ஊரிலும் அடி வாங்கினோம். விட்லோ இதை வளர்ச்சி என்று சொன்னார்.

இந்த அடிகளை விற்பதுதான் வெர்லினுடைய வேலை. அவனுக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அமெரிக்கா முழுவதிலும் இருக்கும் பெரிய அணிகளின் எண்கள். காலையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் இதே பேச்சுதான்.

“எங்க பசங்க ரொம்ப மரியாதையானவங்க. சொன்ன நேரத்துக்கு வருவாங்க, சண்டை சச்சரவு கிடையாது. அதுக்காக உங்க ஜனங்க பாதியில எழுந்து வீட்டுக்குப் போற அளவுக்கு மோசமாவும் ஆட மாட்டாங்க. இடைவேளை வரைக்கும் தாக்குப்பிடிப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

இப்படிப் பேசித்தான் மூன்று வருஷம் சந்தை பிடித்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். தோற்கச் சொல்லி ஒரு வார்த்தைகூட அவன் பையன்களிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. நாங்கள் அவ்வளவு நேர்மையாகத் தோற்றோம்.

வெர்லினுக்கு இந்தக் கூடைப்பந்தின் மேல் பெரிய பிரியம் கிடையாது. அவன் உயிர் மல்யுத்தத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பனி இறங்கிவிட்டால் பையன்களுக்கு மாட்டுத்தொழுவம், மாதாகோவில், மல்யுத்தம் மூன்றும்தான். கல்லூரியின் மல்யுத்த அணிக்குப் பயிற்சியாளன் வெர்லினுடைய தம்பி லைல். காது இரண்டும் நசுங்கி, கழுத்து என்று ஒன்று இல்லாத மனிதன். அவனிடம் முப்பது பண்ணைப் பையன்கள் இருந்தார்கள். அந்த மல்யுத்த விரிப்பு இல்லாவிட்டால் அவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள். உதவித்தொகை என்று பேருக்கு ஏதோ உண்டு, மிச்சக் கட்டணத்தை அப்பன்கள் கன்றுக்குட்டி விற்றுக் கட்டினார்கள். இந்த வரவை விட்லோவின் அம்புக்குறிகள் எதுவும் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது வருஷக் குளிர்காலத்தில் விட்லோ வெர்லினைக் கூப்பிட்டனுப்பினார். மிகவும் வருத்தமான முகத்தோடு விஷயத்தைச் சொன்னாராம். அடுத்த பருவத்துக்கு ஆறு அடிகள் முழு விலைக்குப் போயாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பற்றாக்குறை விழும். விழுந்தால் மல்யுத்தத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. மேல் டிவிஷனுக்கு எத்தனை விளையாட்டுகள் வேண்டுமோ அத்தனையும் மல்யுத்தம் இல்லாமலே கையில் இருக்கிறதாம். வெர்லின் ஆறுதானே என்று சொல்லிவிட்டு வந்தான். முந்தைய வருஷம் ஏழு விற்றவன் அவன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அணி தேற ஆரம்பித்தது. காரணம் டேவின் ராஸ்க் என்ற ஒரு பையன். மினசோட்டாவிலிருந்து வந்தவன். ஆறடிகூட இல்லை, பார்த்தால் பேப்பர் போடுகிற பையன்போல இருப்பான். ஆனால் எங்கே நின்று எறிந்தாலும் பந்து வலைக்குள்தான் விழும். முப்பது புள்ளியில் தோற்கவேண்டிய ஆட்டத்தை நாலு புள்ளியில் தோற்றோம். அடுத்ததை இரண்டில். நான் ஒலிவாங்கியில் தொண்டை கிழியக் கத்தினேன். ஊரே பூரித்துப்போனது. வெர்லினுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி ஆர்லிஸ் எனக்குப் போன் போட்டு, உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டான், டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டாள்.

வாங்குகிறவர்கள் பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தேதியெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள் சிலர். தென் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தெற்கத்திக்காரர் மட்டும் வாய்விட்டே சொன்னாராம், காசும் கொடுத்து வயிற்றெரிச்சலும் எதற்கு என்று. வியாபாரி என்ற முறையில் வெர்லினால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். மற்ற கல்லூரிகள் எல்லாம் தங்கள் அணியின் சிறந்த ஆட்டங்களைத் தொகுத்துப் படமாக அனுப்புமே, இவன் எங்கள் அணியின் கேவலங்களைத் தொகுத்தான். தவறிய பந்துகள், ஒருவர்மேல் ஒருவர் முட்டி விழுவது, எங்கள் நெட்டையன் தன் கூடையிலேயே பந்தைப் போட்டது, டேவின் கால் இடறி எதிரணி வாத்தியக் கோஷ்டிக்குள் போய் விழுந்தது. பின்னணிக்கு என் வர்ணனை. ‘அடக் கடவுளே’ என்று நான் மூன்று பருவத்தில் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. நானும் அவனும் என் வானொலி நிலையத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவன் சிரிக்கவில்லை, பழைய இயந்திரத்தின் பெல்ட்டைத் தடவிப் பார்க்கிறவன்போலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் பிரமாதமாக வேலை செய்தது. இரண்டே வாரத்தில் ஆறு ஆட்டங்களும் முழு விலைக்குப் போயின. தெற்கத்திக்காரர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? எவனோ ஒரு பெரிய கல்லூரிப் பையன் அதை இணையத்தில் ஏற்றிவிட்டான். நாடு முழுக்கச் சிரித்தது. ஒரு மத்தியானம் நான் வெர்லினோடு அவன் அறையில் உட்கார்ந்திருந்தபோது டேவின் கையில் போனோடு வந்து நின்றான். அவன் பின்னாலேயே, யார் சொல்லி வந்தானோ, லைலும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். டேவின் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“சார், இதுல தடுக்கி விழறது நான்தான். எங்கம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் அது. தூங்காம வந்து ஆடினேன். நீங்கதான் என்னை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தீங்க.”

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, ஆறு ஆட்டம், மல்யுத்தம், விட்லோ எல்லாவற்றையும் குறைகளை முதலில் சொல்கிற அதே குரலில் சொன்னான். லைலுக்கும் அன்றுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. அவன் முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

“அண்ணே, என் பசங்களக் காப்பாத்தறேன்னு அடுத்தவன் பசங்கள சந்தி சிரிக்க வச்சிட்டியே. யாரு உன்னைக் கேட்டது?”

டேவின், அப்படியென்றால் நாங்கள் தோற்க வேண்டுமா என்று நேராகக் கேட்டான். அப்போதுதான் வெர்லின் நிமிர்ந்தான்.

“அதை மட்டும் எவன்கிட்டயும் நான் கேட்டதில்ல, கேக்கவும் மாட்டேன். நீ ஜெயிக்கத்தான் ஆடணும். நீங்க தோப்பீங்கன்னு நம்பறது என் தலையெழுத்து.”

டேவின் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனும் படத்தைப் பார்த்த மற்ற பையன்களும் கோடை முழுவதும் யாரோடும் பேசாமல் பயிற்சி எடுத்தார்கள். உடற்பயிற்சிக்கூடத்தின் விளக்கு எரிவதை வெர்லின் வெளியே நின்று பார்ப்பான். ஒவ்வொரு பந்தும் வலைக்குள் விழும் சத்தத்தில் தம்பியின் வேலை ஆட்டம் கண்டது. இருந்தும் பையன்களுக்குப் புதிய காலணி வேண்டும் என்று விட்லோவிடம் சண்டை போட்டு வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான். அவனை நான் பைத்தியக்காரன் என்று நேரிலேயே சொன்னேன். ஆமாம் என்றான்.

நவம்பரில் முதல் ஆட்டம் தெற்கத்திக்காரரின் அரங்கத்தில். எதிரணியின் உடைமாற்றும் அறை எங்கள் நூலகத்தைவிடப் பெரிது. எங்கள் படத்தை அவர்கள் அரங்கத்தின் பெரிய திரையிலேயே ஓட்டினார்கள். என்னுடைய ‘அடக் கடவுளே’வுக்குப் பதினைந்தாயிரம் பேர் சிரித்தார்கள். எனக்கு அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. இடைவேளை வரைக்கும் தாக்குப்பிடிப்பார்கள் என்று வெர்லின் சொல்லியிருந்தான், இவர்களோ கடைசி நொடி வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள். இரு அணியும் சமப் புள்ளி. நேரம் முடியும் தறுவாயில் எதிரணி நெட்டையன் ஒருவன் டேவினைத் தள்ளிவிட, நடுவர் ஊதினார். டேவினுக்கு ஃப்ரீ த்ரோ. யாரும் குறுக்கே நிற்காமல், கோட்டில் நின்று நிதானமாக எறிய வேண்டும். ஒன்று விழுந்தால் போதும். அரங்கமே ஊளையிட்டது.

டேவின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடையைப் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்த வெர்லினைப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜெயித்துவிட்டால் எங்களிடம் ஆட்டம் வாங்கிய மிச்ச ஐந்து பேரும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்கள், லைலின் கதை முடிந்தது. அது அந்தப் பையனுக்கும் தெரியும், வெர்லினுக்கும் தெரியும். வெர்லின் எழுந்து நின்றான். கழுத்துப்பட்டை ஒரு பக்கம் போயிருந்தது.

“போடுறா!”

நேரலையில் என் குரலைவிட அதுதான் உரக்கக் கேட்டதாம். பந்து விழுந்தது. நாங்கள் ஜெயித்தோம். எங்கள் நெட்டையன் அழுதான், பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிந்தார்கள், வெர்லின் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். குதித்து முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தெற்கத்திக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் காசோலையை மடியில் வைத்துவிட்டுப் போனார்.

எதிர்பார்த்தபடியே அந்த வாரம் தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஓர் அரங்கத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதாம். இன்னொன்றில் தரைப்பலகை உப்பிவிட்டதாம். மூன்றாமவர் காரணமே சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். வரிசையாக ஐந்து பேரும் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். வெர்லின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். லைல் காபியை ஊற்றிக்கொடுத்து, ஆட்டத்தை வானொலியில் கேட்டதாகவும், குதித்த குதியில் நாற்காலியை உடைத்துவிட்டதாகவும் மட்டும் சொன்னான்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோருமே மறந்துபோயிருந்தோம். தெற்கு டகோட்டாக்காரர்களை நம்பி ஆட்டம் போடும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் பனிப்புயலின்மேல் எப்போதும் ஒரு பயம். விமானம் கிளம்பாமல் போய், டிக்கெட் விற்ற அரங்கம் காலியாகக் கிடந்தால் என்ன செய்வது? அதனால் அவர்களுடைய வழக்கறிஞர்களே எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனை போட்டு வைத்திருந்தார்கள். யார் ஆட்டத்தைக் கைவிட்டாலும் மற்றவருக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும். எங்களை மடக்கப் போட்ட முளையில் அவர்களே கால் இடறி விழுந்தார்கள். வேறு வழியில்லாமல் காசோலைகள் வந்துசேர்ந்தன. விமானச் செலவு மிச்சம், ஹோட்டல் செலவு மிச்சம், அடியும் மிச்சம். கல்லூரியின் வரலாற்றிலேயே விளையாடாமல் இருந்து இவ்வளவு சம்பாதித்தது கிடையாது. வெர்லின் ஒரு தட்டு சிஸ்லிக்கைத் தனியாளாகத் தின்றான்.

டாக்டர் விட்லோ ஹோஃபர் சகோதரர்கள் இருவரையும் வரச் சொன்னார். நல்ல செய்தி இருக்கிறது, வானொலிக்காரனும் வரட்டும் என்று எனக்கும் சொல்லி அனுப்பினார். லைல் அண்ணனுடைய கழுத்துப்பட்டையைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குத்தான் கழுத்து கிடையாதே, அது தாடையில் தொங்கியது. நான் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

விட்லோவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இரண்டு கையாலும் வெர்லினுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய லீக் ஒன்று நம்மைக் கூப்பிட்டிருக்கிறது என்றார். அதற்கும் நுழைவுக் கட்டணம் உண்டாம், வெர்லின் கொண்டுவந்த பணம் கையில் இருப்பதால் இப்போதே கட்டிவிடலாமாம். அந்த லீகில் மல்யுத்தம் கிடையாது. ஆகவே வசந்தத்தோடு மல்யுத்தத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. சொல்லும்போது வருத்தமான முகத்தை வைத்துக்கொள்ளத் தவறவில்லை.

ஆறும் முழு விலைக்குப் போனால் நிறுத்த மாட்டேன் என்று சொன்னீர்களே என்று வெர்லின் மெதுவாகக் கேட்டான். அது பற்றாக்குறைக் காலத்தில் சொன்னது, இது வளர்ச்சிக் காலம் என்று விட்லோ விளக்கினார். முப்பது பையன்கள் எங்கே போவார்கள் என்று கேட்டான். வேறு கல்லூரிக்குப் போக எல்லா உதவியும் செய்து தருவோம் என்றார். வெர்லின் மேசையைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“நான் மூணு வருஷமா தோல்விய வித்துட்டு வரேன் சார். எத்தனையோ பேருக்கு வித்திருக்கேன். இன்னிக்கு உங்ககிட்ட விட்ட மாதிரி ஒண்ணக்கூட இவ்வளவு மலிவா விட்டதில்ல.”

அண்ணனும் தம்பியும் எழுந்து வெளியே போனார்கள். விட்லோ என்னைப் பார்த்து, இந்தக் கடைசிப் பகுதி வேண்டாமே என்றார். நான் என் கருவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை வெட்டாமல் அன்று மாலைச் செய்தியில் போட்டேன்.